'தேரிச்செம்மல்-1' கண்ட அறுவடைத் திருநாள்

மனித குலத்தின் பசி சாத்தான்குளத்துக்குக் கிழக்கே, செம்மணல் தேரியில், அரை ஏக்கரில் ஒழிந்தது. ஒழித்தவர்கள் நாங்கள். அதாவது 'கிழங்குவழி உணவுப் பாதுகாப்புத் திட்ட' அலுவலகம். நான் அங்கே எழுத்தர். அடக்கமாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் இயக்குநர் லிங்கராஜ் ஐந்தாண்டு பாடுபட்டு 'தேரிச்செம்மல்-1' என்ற புது ரகச் சர்க்கரைவள்ளியை, எங்கள் ஊர்ப் பேச்சில் சீனிக்கிழங்கை, உருவாக்கினார். வறட்சி தாங்கும், கண்ணுக்கும் நல்லது. நிஜமாகவே நல்ல கிழங்கு. நட்டுப் பார்க்க நிலம் கொடுத்தவர் சுடலைச்செல்வி. விளைவதெல்லாம் அவருக்கே என்று பேச்சு. மழை பொய்த்த வருஷம், வீட்டில் நாலு பிள்ளைகள். கோடைக்கு அந்தக் கிழங்குதான் சோறு. கொடியும் தளதளவென்று படர்ந்தது.

அறுபதாம் நாள் போன் வந்தது. மேலிடத்து ஐயா நாளைக்கே அறுவடையைத் 'துவக்கி வைக்க' வருகிறாராம்.

"கெழங்கு எறங்க இன்னும் அம்பது நாளு கெடக்கே சார்!" என்றார் சுடலைச்செல்வி.

"ஐயாவுக்கு நாளைய விட்டா தேதி இல்லம்மா. கிழங்குதான் அனுசரிச்சுப் போகணும்" என்றார் இயக்குநர்.

உடனே அவசரக் கூட்டம். வடையுடன் இரண்டு மணி நேரம். 'கிழங்கு கொள்முதல் செய்து மண்ணுக்குள் இடுதல்' என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். டிரைவர் டேவிட்சன் ஜீப்பில் போய் இரண்டு மூட்டையோடு திரும்பினார். ஆட்கள் கொடியைப் புரட்டி, வேரை அறுத்து, கிழங்கைப் புதைத்து, கொடியை மேலே போர்த்திவிட்டார்கள்.

"ஏலே, வேர அறுக்காதீயலே! என் பிள்ளையளுக்குச் சோறுலே அது!" என்று சுடலைச்செல்வி கத்தினார். மைக் டெஸ்டிங் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் ஐயா மண்வெட்டியால் ஒரே போடு. கிழங்கு பிதுங்கிக்கொண்டு வந்தது. வாயில் போட்டுப் பார்த்தார்.

"வெந்திருக்கே!"

நான் டேவிட்சனைப் பார்த்தேன். "பச்சக் கெழங்கு எங்கனயும் கெடைக்கல. குலசைக் கடற்கரையில அவிச்சு வித்தாவ, அள்ளிட்டு வந்துட்டேன். ஆர்டர்ல 'பச்ச'ன்னு போடலியே நீங்க?" என்று காதைக் கடித்தார். போடவில்லைதான்.

இயக்குநர் அசருவாரா? "ஆமாங்கய்யா! தேரி மண்ணோட சூட்டுலயே வெந்துரும். அடுப்பே வேண்டாம்!"

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. அந்தக் கொடி ஐந்நூறு விவசாயிகளுக்கு வழங்கப்படும் என்று ஐயா மேடையிலேயே அறிவித்தார். இயக்குநருக்குப் பதக்கம். எனக்கும் ஒரு சான்றிதழ்.

ஒரு வாரத்தில் அரை ஏக்கரும் சருகானது. ஐம்பது நாள் கழித்து, கொடி எங்கே என்று மேலிடம் கேட்டது. அலுவலகம் பொறுப்பைத் தட்டிக் கழிக்குமா? 'தானாக வேகும் அரிய தாய்க்கொடிகளைக் கருகவிட்ட தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' என்று சுடலைச்செல்விக்கு நோட்டீஸ் எழுதினேன். நடை கம்பீரமாகவே வந்திருந்தது. நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் நிதானமாக வாசித்தார். பிறகு அடுப்பங்கரையைக் காட்டினார்.

"பாருங்க அண்ணாச்சி, நேத்துலருந்து பத்த வைக்கல. அடுப்பே வேண்டாம்னு சொன்னீயல்லா? அத மட்டும் சொன்னபடி செஞ்சுட்டீய."