நாற்பத்தேழாம் எண் பசு

காலை ஏழு மணிக்குக் கணினித் திரையில் நாற்பத்தேழாம் எண் சிவப்பாகக் கிடந்தது. படுத்தது நாலு மணி நேரம். அசைபோட்டது பூஜ்யம். நடந்தது பதினோராயிரம் காலடி.

கிராஃப்காரர் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அந்தப் பண்ணையின் நூற்றிருபது கறவை மாடுகளுடைய உடல்நிலையையும் பாலின் அளவையும் பதினாறு வருடமாக நாள் தவறாமல் பதிந்துவருபவர். அவருடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது. ஒவ்வொரு மாட்டின் கழுத்துப்பட்டையிலும் ஒரு தோல் பை, அதற்குள் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டி சொல்வதுதான் அவருக்கு வேதவாக்கு.

இரவிலும் கழற்றாத பழைய கோட்டோடு கொட்டகைக்கு ஓடினார். கறவை எந்திரத்தைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி.

"நாப்பத்தேழு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. இருபத்தெட்டு லிட்டர் குடுத்தா. பாருங்க, அசைபோட்டுக்கிட்டு நிக்கிறா."

"அசையே போடலைன்னு பெட்டி சொல்லுது. நம்மளப் பாத்ததும் நடிக்கிறா. மாடு வலியை வெளிய காட்டாது."

மனைவி பால் குழாயைக் கழுவப் போனாள்.

தரை கடினமாக இருக்கும் என்று கிராஃப்காரருக்குத் தோன்றியது. ஒற்றை ஆளாக முப்பது மூட்டை மரத்தூள் சுமந்து வந்து மெத்தைபோலப் பரப்பினார். மறுநாள் படுக்கை மூன்றரை மணியாகக் குறைந்தது. நடை பதினாலாயிரம்.

புழுக்கம்தான் காரணம் என்று முடிவுகட்டி, ஏணியில் ஏறி இறங்கி நான்கு மின்விசிறி மாட்டினார். படுக்கை மூன்று மணி. நடை பதினேழாயிரம்.

பால் மட்டும் அதே இருபத்தெட்டு லிட்டர். ஒரு சொட்டு குறையவில்லை.

கிராஃப்காரர் நாற்காலியில் சாய்ந்தார். பதினாறு வருடத்தில் எத்தனையோ மாடுகளின் கோடுகள் ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறார். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தூக்கமில்லை, அசையில்லை, ஓயாத நடை. உயிரை உருக்கி வேளை தவறாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

முதலாளியை அழைத்துவந்து காட்டினார். முதலாளி திரையைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"மனுஷனா இருந்தா எப்பவோ படுத்திருப்பான்யா," என்றார் மெதுவாக.

சேதி பரவியது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்து கைகட்டி நின்றார்கள். சாணம் அள்ளுகிறவர்கள்கூட அந்தப் பசு பக்கம் வந்தால் குரலைத் தாழ்த்தினார்கள். நாற்பத்தேழு எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டுத் தீவனத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"எப்படி நடிக்கிறா பாருங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் கிராஃப்காரர்.

அதன்பின் அவர் பசுவை விட்டு நகரவில்லை. தண்ணீர் வைப்பதும் முதுகைத் தேய்ப்பதும் வலம் வருவதுமாக இருந்தார். எட்டாம் நாள் படுக்கை இரண்டு மணி. நடை இருபத்தோராயிரம்.

வேறு வழியில்லாமல் கால்நடை மருத்துவரை வரவழைத்தார்கள். மருத்துவர் காய்ச்சல் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார்.

"இது என்னைவிட நல்லா இருக்கு சார்."

"இதைப் பாருங்க டாக்டர்," என்று எட்டு நாள் கிராஃபையும் நீட்டினார் கிராஃப்காரர்.

பார்க்கப் பார்க்க மருத்துவர் முகம் மாறியது. "இது நிஜம்னா இந்த உயிர் ரொம்ப நாள் தாங்காது. உடனே ஓய்வு குடுக்கணும்."

சந்தேகம் தீராமல் கழுத்துப்பட்டையைத் திருப்பி, தோல் பையை அவிழ்த்தார். உள்ளே ஒரு சோப்புத் துண்டு இருந்தது.



"அப்போ இந்த எட்டு நாள் கணக்கு எந்த மாட்டோடது?" என்றார் மருத்துவர்.

பால் குழாயைக் கீழே வைத்துவிட்டு மனைவி வந்தாள்.

"இவரோடது டாக்டர். நான் கூப்பிட்டா எந்த ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேங்கிறார், அதான் பெட்டியை இவர் போட்டிருக்கிற கோட்டுக்கு உள்பக்கமா வெச்சுத் தைச்சுட்டேன்."