இருபதாவது வீட்டின் கருத்து

“சார், அஞ்சுல ஒண்ணு சொன்னாப் போதும். மிக்க திருப்தி, திருப்தி, ஓரளவு, அதிருப்தி, மிக்க அதிருப்தி.”

“அந்த அஞ்சுல எதுவும் என் கருத்து இல்லம்மா.”

முதல் கருத்துக் கேள்வியிலேயே இப்படி. டேப் அக்காவுக்கு நெற்றிப்பொட்டில் ஒரு நரம்பு விண்ணென்று தெறித்தது.

கையில் டேப்லெட்டோடு தெருத்தெருவாக அலைகிறவளுக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரை டேப்புக்குள் நுழையும்போது மட்டும்தான் உபயோகிக்கிறாள். அரசு, பொருளாதாரம், பொதுப் பொறுப்பு, வீட்டுத் தொழில்நுட்பம் என்று நாலு தலைப்பில் குடிமக்களின் கருத்தை அள்ளிக்கொண்டு வரும்படி அனுப்பியிருந்தார்கள். நாளொன்றுக்கு இருபது வீடு. முந்தாநாள் பதினேழு, நேற்று பதினெட்டு. இன்றைக்கும் குறைந்தால் நாளை முதல் வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் செய்தி அனுப்பியிருந்தார், கடைசியில் ஒரு சிரிக்கும் பொம்மையோடு. பத்தொன்பது முடிந்துவிட்டது. மணி நாலே கால். ஐந்து அடித்தால் டேப் தானாகக் கடையைச் சாத்திவிடும்.

இந்த வீட்டைப் பார்த்தபோது வயிற்றில் பால் வார்த்தது போலத்தான் இருந்தது. கதவு திறந்திருந்தது. கூடத்து நாற்காலியில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தார். “வீட்டுல பொறுப்பான ஆள் இருக்காங்களா சார்?” என்று கேட்டதற்கு, “பொறுப்பா? நல்ல கேள்வி. உக்காருங்க” என்றார். காலையிலிருந்து கதவிடுக்கு வழியாக ‘அப்புறம் வாங்க’வையே கேட்டுப் புளித்த காதில் அந்த ‘உக்காருங்க’ தேனாக ஒழுகியது.

“வீட்டுல எத்தனை பேர்?”

“அஞ்சு. பெரியவங்க மூணு, படிக்கிறவங்க ரெண்டு. ரெண்டு படுக்கையறை, ஒரு ஃப்ரிட்ஜ், மூணு போன். அதுல ஒண்ணு கண்ணாடி விரிசல்.”

டேப் கேட்கிற வரிசையிலேயே மூச்சுவிடாமல் ஒப்பித்தார். இப்படியும் ஒரு குடிமகனா என்று அவளுக்கு மெய்சிலிர்த்தது. சிலிர்த்த மயிர் அடங்குவதற்குள் கருத்துப் பகுதி வந்துவிட்டது.

“நிர்வாகம் உங்கள் குறைகளுக்கு விரைந்து செவிசாய்க்கிறதா?” என்று மறுபடியும் வாசித்தாள்.

“அரசாங்கம் லிஃப்ட் மாதிரிம்மா. பட்டனை அமுக்கினா விளக்கு எரியும். நாமளும் வருது வருதுன்னு நிப்போம். விளக்கு எரியறது வேற, லிஃப்ட் வர்றது வேற. இதுக்கு உங்க அஞ்சுல எது?”

“‘ஓரளவு’ன்னு போட்டுக்கறேன் சார்.”

“நான் அப்படிச் சொல்லலியே!”

அதற்குள் அமுக்கிவிட்டாள். டேப் ஒரு கணம் யோசித்தது. பிறகு, ‘ஓரளவு என்பதற்கான காரணத்தை விடையளிப்பவரின் குரலில் பதிவு செய்க’ என்றது.

அவர் தொண்டையைச் செருமினார். பல வருஷம் பூட்டிக் கிடந்த கதவைத் திறப்பது போன்ற செருமல். பதினோரு நிமிஷம் பேசினார். டேப் ஒரு நிமிஷத்தை மட்டும் வைத்துக்கொண்டது. அதிலும் பாதி செருமல். ‘பதிவு போதவில்லை. மீண்டும் முயல்க.’

வாசலுக்கு வந்து மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள்.

“சார், இவருக்குக் கருத்து நிறைய இருக்கு.”

“அதெல்லாம் நம்மகிட்ட எங்க இருக்கு இடம்? ‘கருத்து இல்லை’ன்னு போட்டுத் தள்ளுங்க.”

போட்டாள். ‘கருத்து இல்லாத குடிமக்களுக்கு விழிப்புணர்வு தேவை. கீழ்க்காணும் பத்துப் பத்திகளை உரக்க வாசித்துக் காட்டவும்’ என்றது டேப். வாசிக்காமல் தாண்ட முடியாது. பூட்டுப் படம் ஒன்று மூலையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

வாசித்தாள். மூன்றாம் பத்தியில் அவர் கையை உயர்த்தினார்.

“‘பொருளாதாரம் மீண்டெழுகிறது’ன்னு படிச்சீங்களே, விழுந்தது எப்போ? அப்ப எங்கிட்ட ஒருத்தரும் சொல்லவே இல்லியே!”

“எனக்கும் சொல்லல சார்” என்றாள், களைப்போடு.

உள்ளேயிருந்து ஈரக்கையோடு ஒரு பெண் வந்தாள். ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். பாவம், இந்த மனுஷனோடு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாளோ என்று டேப் அக்காவின் நெஞ்சு கசிந்தது.

நாலு நாற்பது. தொழில்நுட்பம்.

“மின்சாதனங்கள் வாழ்வை எளிதாக்கியுள்ளனவா?”

“என் பழைய வாஷிங் மிஷின் துணியைத் துவைச்சுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்துச்சு. புதுசு, துவைச்சது திருப்தியா, எத்தனை நட்சத்திரம் குடுப்பீங்கன்னு போன்ல கேக்குது. ரெண்டு நாள் பதில் சொல்லலைன்னா, ‘எங்கள் மேல் வருத்தமா?’ன்னு வேற கேக்குது. பொண்டாட்டிகூட அப்படிக் கேட்டதில்ல.”

அவளையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க வீட்டு மின்விசிறி அப்டேட் ஆகணும்னு ராத்திரி பூரா நின்னுடுச்சு சார்” என்று ஆரம்பித்தாள். தன் கருத்து இத்தனை நீளம் என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறு நிமிஷம் போய்விட்டது.

சட்டென்று ஞாபகம் வந்தது.

“ஆமா, வாஷிங் மிஷின் இருக்குன்னு மொதல்ல சொல்லலியே?”

“இங்க எங்கம்மா இருக்கு? அது வேற வீட்ல.”

வேற வீடா! டேப் அக்கா சமையலறைப் பக்கம் இன்னொரு தரம் இரக்கத்தோடு பார்த்தாள். டேப்பில் அதற்குக் கட்டம் இல்லை. தோண்டாமல் விட்டாள்.

“சார், கடைசிக் கேள்வி. பொதுப் பொறுப்பு. நான் வாசிக்கறேன், நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க. கெஞ்சிக் கேக்கறேன்.”

“தலையாட்டுறதுதாம்மா இங்க பொதுப் பொறுப்பு” என்று சொல்லி ஆட்டினார். ‘திருப்தி.’ டேப் குளிர்ந்து பச்சையானது.

அவர் குரலும் இறங்கியது. “கோவிச்சுக்காதீங்க. இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒருத்தர்கூட உன் கருத்து என்னன்னு கேட்டதில்ல. கேட்டதும் வாய் நிக்கல.”

அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் மணி நாலு ஐம்பத்து நாலு. மாதிரி ஆவதற்கெல்லாம் நேரம் இல்லை.

‘வீட்டுப் பொறுப்பாளர் கையெழுத்து’ என்று கடைசிக் கட்டம் திறந்தது. டேப்பை நீட்டினாள். சூடு பட்டது போல அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“அது மட்டும் முடியாதும்மா.”

“ஏன் சார்?”

“முறையில்ல.”

“முக்கால் மணி நேரம் பேசினீங்களே, அது மட்டும் முறையா?”

“பேசறது உரிமை. கையெழுத்துப் போட்டா அது பொறுப்பு. ரெண்டையும் குழப்பப்படாது.”

நாலு ஐம்பத்தேழு. டேப்பின் ஓரம் சிவக்க ஆரம்பித்தது. அவள் எழுந்து, கண்ணில் நீர் முட்ட, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அக்கா! கொஞ்சம் வாங்களேன்! மூணு நிமிஷத்துல என் வேலை போயிடும்கா. உங்க வீட்டுக்காரரை ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க!”

அந்தப் பெண் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். அவரைப் பார்த்தாள். டேப் அக்காவைப் பார்த்தாள்.

“எங்க வீட்டுக்காரர் வேலைக்குல்ல போயிருக்கார், இவர் மத்தியானம் உங்களை மாதிரியே கருத்துக் கேக்க வந்தவர்மா, டேப்புல சார்ஜ் தீந்துபோச்சுன்னு உக்காந்திருக்கார்.”