ஆறாயிரம் சுற்றுக்கு ஒரு கார்புரேட்டர்

வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தைத்தான் நான் முறையாகக் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறேன். அதனால்தான் என் தங்கை மஞ்சுவின் பெண் அழைப்பு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம் நின்றது.

அப்பா ஓட்டிய அம்பாசடர், அவர் போன பிறகு ஷெட்டில் கிடந்தது. "மண்டபத்துக்கு நைனா வண்டிலதான் வருவேன்" என்று மஞ்சு சொல்லிவிட்டாள். வண்டி வழியில் மக்கர் செய்தால் மறுநாளே காயலான் கடைதான் என்று சித்தப்பாவும் சொல்லிவிட்டார். பொறுப்பை நான் ஏற்றேன். (யாரும் கொடுக்கவில்லை.)

காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டும் பழைய கார்புரேட்டரைக் கழுவி மாட்டினால் போதும் என்றாள் மஞ்சு. அவள் காட்டுப்பள்ளியில் கப்பல் என்ஜின் பழுதுபார்ப்பவள். நான் இன்சூரன்ஸ் பாலிசி விற்பவன். ஆகவே யார் பேச்சைக் கேட்பது என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை.

என்ஜினின் கொள்ளளவையும் உச்ச வேகத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், கார்புரேட்டரின் வாய் எவ்வளவு அகலம் வேண்டும் என்று தெரியும். உச்ச வேகம் என்ற இடத்தில் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று என்று எழுதினேன். (அந்த என்ஜின் இளமையில்கூட நாலாயிரத்தைத் தாண்டியதில்லை.) புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடையில், ஏதோ ஆறு சிலிண்டர் வண்டியிலிருந்து கழற்றியதை வாங்கி, லேத்துப் பட்டறையில் தகடு வெட்டி மாட்டினேன். ஞாயிறு விடியலில், காலியாகக் கிடந்த எண்ணூர் சாலையில் மிதித்தேன். பறந்தது. கண்ணில் நீர் வந்தது. (புகையும் ஒரு காரணம்.)

கல்யாண ஊர்வலம் கோயிலிலிருந்து மண்டபம் வரை பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போகும் என்பது என் கணக்கில் இல்லை.

கோயிலை விட்டு நூறடி போனதும் வண்டி இருமியது, நின்றது. கிளப்பினேன். இருமியது, நின்றது. பின் சீட்டில் மஞ்சு, மூன்று அத்தைகள், பெட்ரோல் வாடை.

பேண்டு மாஸ்டர் ஜன்னலில் குனிந்தார். "ஒரே பாட்ட நாலாவது தபா வாசிச்சிகினு கீறோம் சார். வண்டி வருமா, இல்ல நாங்க மட்டும் மண்டபத்துக்குப் போவட்டா?"

"பேஜாரா பூட்ச்சு" என்றார் சித்தப்பா. "ஏசி வண்டியக் கூப்டுறேன். எறங்கும்மா."

மஞ்சு இறங்கினாள். நேராக பானெட்டைத் திறந்தாள்.

"இன்னாண்ணா இது? இந்த வாய்ல நானே உள்ள போய்ட்டு வரலாம் போலகீது. டிக்கில தாம்பூலப் பைக்குக் கீழ பழசு கீது, எட்த்தா."

"அத எப்ப வெச்ச?"

"நீ கணக்கு போட்ட அன்னிக்கே."

முந்தானையைச் செருகிக்கொண்டாள். மருதாணிக் கையில் ஸ்பேனர் சுழன்றது. "வழி அகலமா கீதுன்னா காத்து மெதுவா போவும். மெதுவா போற காத்து பெட்ரோல இழுக்காது, சும்மா ஒழுவும். நீ ரோட்டுக்குப் பாத்தியா, ராக்கெட்டுக்குப் பாத்தியா?"

சாவியை ஒருமுறை திருப்பியதுமே என்ஜின் எழுந்தது. "பாரு" என்று டார்ச்சை உள்ளே காட்டினாள். கட்டைவிரல் அகலக் குழாய்க்குள் பெட்ரோல் பனியாகச் சுழன்றுகொண்டிருந்தது. அவ்வளவுதான். அந்த ஒரு பிடிப் பனி, ஒரு டன் இரும்பையும் மூன்று அத்தைகளையும் பேண்டின் நடைக்கு ஏற்றபடி, ஒரு குலுக்கலும் இல்லாமல் நகர்த்திக்கொண்டு போனது. கோயிலில்கூட நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை. மண்டப வாசலில் சித்தப்பாவே சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

வண்டி இன்றும் ஓடுகிறது. நான் ஃபிரிட்ஜ் வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் மஞ்சு ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஊர்வலத்துல போவுமாண்ணா?" என்பாள்.

போன வாரம் அவளுடைய ஏழு வயது மகளுக்கு, இருபத்தோரு கியர் வைத்த சைக்கிள் வாங்கிப் போனேன். மஞ்சு எதுவும் கேட்கவில்லை. குழந்தை ஏறிப் பார்த்தாள், கால் எட்டாமல் இறங்கினாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, இது ஊர்வலத்துல போவுமா?"