நடக்காத கலவரங்களைப் போய்ப் பார்த்தவர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடக்காத கலவரங்கள் அனைத்தையும் நேரில் போய்ப் பார்த்த ஒரே மனிதர், எங்கள் மானிப்பாய் கண்டனியோ அண்ணைதான். யார் என்ன செய்தி சொன்னாலும் "நீ கண்டனியோ?" என்று, நேரில் பார்த்தாயா என்று, கேட்பார். அதுவே அவர் பெயராகிவிட்டது. "இல்லை, போனிலை வந்தது" என்றால் சைக்கிளை எடுத்துவிடுவார்.

காங்கேசன்துறையில் இரு சமூகத்தினர் மோதல் என்று ஒருமுறை வந்தது. போய்ப் பார்த்தார். அரசாங்க பஸ் சாரதியும் மினிபஸ் சாரதியும், யார் முதலில் புறப்படுவது என்று பிடித்த சண்டை அது. இருவரும் மச்சான்மார். ஒரே கோயில் உபயகாரரும்கூட. திரும்பி வந்த அண்ணை, "இரண்டு சமூகம் எண்டது சரிதான். ஒண்டு சிவப்பு பஸ், மற்றது வெள்ளை பஸ்" என்றார்.

பிறகு அச்சுவேலிச் சந்தைச் செய்தி வந்தது. அங்கே துணிக்கடை வைத்திருக்கும் நிஸ்தார், திருவிழாவுக்குக் கட்டிய நந்திக்கொடியை அறுத்து இறக்குகிறார். பன்னிரண்டு வினாடி வீடியோ. "இந்துக் கொடியை இறக்கிய முஸ்லிம் வியாபாரி" என்று மேலே சிவப்பு எழுத்து. மூன்று நாளாக அவர் கடையில் ஒருவரும் ஏறவில்லை. பத்து வருடமாக அவரிடம் துணி எடுக்கும் நானும் ஏறவில்லை. நிஸ்தார் துணிகளைப் பொதி கட்டுகிறார், தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இடம்பெயர்ந்து வாழ்ந்த புத்தளத்துக்கே திரும்பப்போகிறார் என்று கேள்விப்பட்டோம். நான்காம் நாள் காலை அண்ணையோடு நானும் போனேன்.

அண்ணை கடை கடையாக விசாரித்தார். பதினொரு பேர் போனைக் காட்டினார்கள். பன்னிரண்டாவது, நிஸ்தார் கடைக்கு நேரெதிரே கத்தரிக்காய் விற்கும் பூமணியக்கா.

"நான்தான் கழட்டச் சொன்னனான். மழைக்குக் கொடி கிழிஞ்சு அவரின்ரை கூரையிலை தொங்கினது. மடிச்சுக் கோயிலிலை குடுத்தவர்."

"இதை ஏன் அக்கா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது?"

அதற்குள் எங்களைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தைக் கண்டதும், அந்த வீடியோவைப் போட்ட யூடியூப்காரரே வந்து, "அச்சுவேலியில் மீண்டும் பதற்றம்" என்று நேரலையைத் தொடங்கினார்.

"அக்கா சொல்லுறதை எடும் தம்பி."

"சண்டை இல்லாட்டி ஒருத்தரும் பாக்கமாட்டினம் அண்ணை."

அண்ணை சற்று யோசித்தார். பிறகு நேரே கடைக்குள் ஏறி, கட்டிய பொதியிலிருந்து இடுப்பில் கட்டும் சாரம் ஒன்றை உருவினார்.

"நிஸ்தார் நானா, உது சாயம் போகும்!"

"போகாது!"

"போகும்! நீர் பொய் சொல்லுறீர்!"

"நானோ பொய் சொல்லுறன்? ஆரும் தண்ணியைக் கொண்டு வாங்கோ!"

நிஸ்தாருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. வாளி வந்தது. சாரத்தை ஊறவைத்தார்கள், கசக்கினார்கள், பிழிந்தார்கள். இருபத்தொரு நிமிடம் சந்தை முழுவதும் வாளியையே பார்த்தது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"சரி, நான் பிழை. அப்ப கொடிக்கதையையும் கேப்பம்" என்று பூமணியக்காவைக் கமெராவுக்கு முன்னால் நிறுத்தினார் அண்ணை. யூடியூப்காரரால் நிறுத்த முடியவில்லை. தன் வாழ்நாளில் அத்தனை பேர் தன் நேரலையைப் பார்த்து அவர் அறியார்.

பின்னூட்டங்களில் பாதிப்பேர் அண்ணையை இனத்துரோகி என்றார்கள், மீதிப்பேர் மதவெறியர் என்றார்கள். எல்லாவற்றையும் வாசித்த அண்ணைக்கு ஒன்றுதான் வருத்தம். "கிழவன் எண்டு ஒருத்தன் எழுதியிருக்கிறான். உவன் என்னைக் கண்டவனோ?"

பின்னேரத்துக்குள் எட்டுப்பேர் சாரம் கேட்டு வந்தார்கள். நிஸ்தார் ஒரு பொதியை அவிழ்த்தார். சிறிது நேரத்தில் மற்றவற்றையும் அவிழ்த்தார்.

திரும்பும்போது எதிர்க்காற்று. தான் வாங்கிய ஈரச் சாரத்தைச் சைக்கிள் கைபிடியில் போட்டுக்கொண்டு அண்ணை மிதித்தார். என்னிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. மானிப்பாய் வரை, இரண்டு மணித்தியாலம் ஐந்து நிமிடம், அவருடைய வேகத்திலேயே ஓட்டினேன்.