காத்தாடி மறைத்த அலை

மனித நாகரிகத்தின் உச்சம் அசையாமல் உட்கார்ந்திருப்பதே என்று நிரூபித்த பெருமை, அந்தப் பதிவு அலுவலகத்தின் இரண்டாம் மாடியையே சேரும். முப்பத்தொரு பேர், முப்பத்தொரு நாற்காலி. அந்த உன்னதத்துக்கு ஒரே களங்கம், மேசைக்கு மேசை கோப்பு சுமந்த ஊழியர். நாளெல்லாம் சுற்றியதால் ‘காத்தாடி’ என்று பெயர். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. அதற்குள் தூரத்துக் கிடங்குக்குத் தூக்கியடித்துவிடுவார்களோ என்பதே அவர் பயம். முழங்கால் ஆபரேஷன் ஆன மனைவிக்கு வீட்டில் வேறு துணை இல்லை.

பயந்தபடியே ஆயிற்று. தலைமையகத்துடன் மேலாளர் வீடியோவில் பேசும்போதெல்லாம் காத்தாடி குறுக்கே போவார். மேலாளர் திறந்த வாயோடு திரையில் உறைந்துவிடுவார். பொறியாளர் வரவழைக்கப்பட்டார்.

“மனுஷ உடம்புல பாதிக்கு மேல தண்ணி சார். வைஃபை அலையைக் குடிச்சிடும்.”

“அப்ப இவரைத் தண்ணி குடிக்காம வரச் சொல்லலாமா?” என்றார் மேலாளர்.

“நான் வேணா ஓரமாப் போறேன் சார்,” என்றார் காத்தாடி.

“ஓரமாப் போனாலும் நீ தண்ணிதானய்யா.”

பொறியாளர் குறுக்கிட்டார். “வைஃபை பெட்டியைச் சுவத்துல ரெண்டடி மேல மாட்டினாப் போதும் சார்.”

மேலாளர் ஆழ்ந்து சிந்தித்தார். ஆணி அடிக்க நான்கு கையெழுத்து வேண்டும். ஆளை மாற்ற ஒன்று போதும்.

“நடக்க முடியலேன்னு எனக்கு ஆபரேஷன். நடந்தீங்கன்னு உங்களுக்கு மாத்தலா?” என்றாள் அன்றிரவு காத்தாடியின் மனைவி.

காத்தாடி கிடங்குக்குப் போனபின் அலையை அளக்க ஒரு கருவி வைத்தார்கள். குறுக்கே ஆள் நடந்தால் அதன் கோடு துடிக்கும். ஒரு மாதம் அது அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்குக்கூடத் துடிக்கவில்லை. பொறியாளர் சான்றளித்தார்: ‘வேலை நேரத்தில் இக்கூடத்தில் மனித நடமாட்டம் இல்லை.’ மேலாளர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பெருமை பொங்கத் தலைமையகத்துக்கு அனுப்பிவைத்தார்.

மூன்றே நாளில் பதில் வந்தது. ஆளில்லாத மாடிக்கு விளக்கும் மின்விசிறியும் எதற்கு? உடனே பூட்டுக. பூட்டவும் காவல் இருக்கவும், நடமாடுவதாகப் பதிவேட்டில் உள்ள ஒரே ஊழியர் திரும்ப அழைக்கப்படுகிறார்.

காத்தாடி பூட்டோடு வந்து நின்றார்.

“பெரிய தப்பு நடந்திருக்குய்யா. நாங்க முப்பத்தொரு பேரும் உள்ளதானே இருக்கோம்,” என்றார் மேலாளர், நாற்காலியைவிட்டு எழாமலே.

காத்தாடி, உத்தரவோடு இணைத்திருந்த சான்றிதழை இரண்டு முறை நிதானமாகப் படித்தார்.

“எனக்கு ஒரு தப்பும் தெரியலையே சார்.”