ஆராய்ச்சிக்காக நான் செத்துப்போன விவரம்

போடிநாயக்கனூர்,
18-5-1979

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை சுருளிவேல் அவர்களுக்கும் என் தங்கை செல்லக்கிளிக்கும் சீனிச்சாமி எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். வழக்கமாக எழுதுகிற நலம்தானே என்று இந்த வரியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். நான் நிஜமாகவே உயிரோடு இருக்கிறேன். தேவாரத்துப் பக்கமிருந்து வேறு மாதிரிச் செய்தி வந்திருந்தால் தங்கச்சியை அழ வேண்டாம் என்று சொல்லவும். அழுகை எனக்கு ஏற்கெனவே வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள் என்று சொல்லமாட்டேன், ஆனாலும் நீங்கள்தான். என் மகள் சந்திரவல்லியை உங்கள் வீட்டில் தங்கி பி.ஏ. தமிழ் படிக்கத்தானே மதராஸுக்கு அனுப்பினேன்? அங்கே இருக்கிற அத்தனை பெரிய நூலகத்தில் உட்கார்ந்து படிக்க அட்டை வாங்கிக் கொடுத்தது யார்? அவளுடைய பேராசிரியை, நீயே ஒரு பொருளை எடுத்து, நீயே தேடி, நீயே எழுது என்று சொன்னாராம். எல்லாம் பிள்ளையே செய்துகொள்வதென்றால் வாத்தியார் எதற்கு என்று கேட்டேன். "அதுக்குப் பேருதாம்ப்பா ஆராய்ச்சி" என்கிறாள். சரி, நல்ல பொருளாக எடுத்தாளா? ஒப்பாரியை எடுத்திருக்கிறாள். பெண் பார்க்க ஆள் வருகிற வயதில் ஒப்பாரி! நம் பக்கத்து ஒப்பாரிகளை யாரோ அச்சடித்த பழைய புத்தகம் அந்த நூலகத்தில் இருக்கிறதாம். மலையில் செத்தவனை அடிவாரத்துக் குரங்கணிக்கு இறக்கி வந்து அழுகிற பாட்டு மட்டும் அதில் பாதியில் நிற்கிறதாம். மிச்சப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. மதராஸ் கரையான் தின்றதைப் போடியில் தேடி லீவுக்கு வந்து இறங்கினாள்.

எங்கள் தெருவில் எந்தச் சாவுக்கும் முதல் குரல் எடுக்கிற மூக்கம்மாளுக்கு அந்தப் பாட்டு தெரியும். மகள் போய் அவளைக் கூட்டி வந்தாள். அவளும் காப்பி குடித்தாள், வெற்றிலை போட்டாள், பாட்டு மட்டும் வரவில்லை. "பொணம் இல்லாம எப்படித்தா பாட்டு வரும்? ஆளப் பாத்தாத்தான் அழுக வரும்" என்றாள். சந்திரவல்லி என்னைப் பார்த்தாள். "அப்பா, செத்த நேரம் படுங்கப்பா." பிள்ளை கொஞ்ச நேரம் என்ற அர்த்தத்தில்தான் சொன்னது. ஏலத்தோட்டத்துக்குப் போக வாசலில் ஜீப்பு நிற்கிறது, வெரசா முடியட்டும் என்று நடுவீட்டில் படுத்தேன். கால் பெருவிரலைக் கட்டலாமா என்று மூக்கம்மாள் கேட்டாள். அது மட்டும் வேண்டாம் என்றேன். ஆரம்பித்தாள் பாருங்கள்:

"ஏலம் மணக்கும் மலை – என் ராசா
ஏறிப் போன ஒத்தத் தடம்
பூத்துக் கெடக்குதையா – உங்க
பொன்னுக் காலத் தேடுதையா"

அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரி ஓடிவந்தாள். நிறுத்தத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். தலைமாட்டில் உட்கார்ந்து அவளும் எடுத்தாள்:

"பட்டுச்சேல கேட்டேனே – என் ராசா
பாப்போம்னு சொன்னீகளே
ஏலக்கா வெல ஏறட்டும்னு
ஏமாத்திப் போனீகளே"

பதில் சொல்லலாம் என்றால் நான் பிணம். மகளோ, "அம்மா, இது அச்சுலயே இல்ல, இன்னொருக்கா பாடு" என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் மூக்கம்மாள் கரையான் தின்ற இடத்துக்கு வந்தாள்: "ஆள மட்டும் எறக்கி வந்தோம் – உங்க ஆசையெல்லாம் மலையிலயே." மாப்பிள்ளை, மறைக்காமல் சொல்கிறேன், அந்த வரியில் எனக்கே என்மேல் பரிதாபம் வந்து கண்ணீர் விட்டேன். "பொணம் அழுகக் கூடாது!" என்று மூக்கம்மாள் அதட்டினாள்.

அன்று சாயங்காலம் பெண் பார்க்க வருவதாக இருந்த தேவாரத்துப் பிச்சைமணி, ஊரில் யானை இறங்கியிருக்கிறது, பொழுதோடு காவலுக்குத் திரும்பவேண்டும் என்று மத்தியானமே வந்துவிட்டார். தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டிருக்கிறது. பூவையும் பழத்தையும் காரிலேயே வைத்துவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு வந்து என் நெஞ்சில் சாத்தினார். "சம்பந்தியாகுமுன்ன போயிட்டீகளே" என்று புலம்பினார். வீடு தேடி வந்த மனிதரை வாங்க என்று சொல்லாமல் இருப்பது நம் குடும்பத்தில் வழக்கமா? கண்ணைத் திறந்து, "வாங்க, உக்காருங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டார். அப்படியே தரையில். முகத்தில் தண்ணீர் தெளித்து, ஜீப்பு டிரைவரும் நானும் பிடித்துத் தூக்கித்தான் காரில் ஏற்றினோம். "உசுரோட இருக்கிறவருக்கே ஒப்பாரி வைக்கிற வீட்டுல பொண்ணெடுத்தா, நாளைக்கு எங்க வீட்டுல ஆரப் படுக்கப் போடுவாளோ" என்றார். நல்ல சம்பந்தம் போயிற்று. இவளானால் கார் பின்னாலேயே போய், "நீங்க சொன்னீகளே ஒரு வரி, அது உங்க ஊர் வழக்கமா?" என்று கேட்கிறாள்.

ஆகவே மாப்பிள்ளை, இந்தக் கடிதம் கண்டவுடன் அந்த அட்டையை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடவும். ஆராய்ச்சி போதும். இனி பிள்ளை இங்கேயே இருக்கட்டும். தங்கச்சிக்கும் உங்களுக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் பெருக, மழை மாதிரி எல்லாம் காலத்தில் கிடைக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உயிருடன்,
சீனிச்சாமி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். சந்திரவல்லி எழுதியதை இப்போதுதான் வாசித்துக் காட்டினாள். 'பாடியவர்: மூக்கம்மாள். பிணம்: என் தந்தை சீனிச்சாமி' என்று அடியில் போட்டிருக்கிறாள். அதை அந்த நூலகத்திலேயே வைப்பார்களாம். நம் வகையறாவில் யார் பெயர் அத்தனை பெரிய கட்டடத்துக்குள் போயிருக்கிறது? நாளைக்கே பஸ்சில் ஏற்றிவிடுகிறேன். பேராசிரியை நேரில் கேட்க ஆசைப்படுவதால் மூக்கம்மாளும் கூட வருகிறாள். நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்று சொல்லிப் பார்த்தோம். "அது கெடக்கட்டும், அங்கன எனக்கு ஆரு படுக்கிறது?" என்று கேட்டாள். உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.