பதினான்காம் பக்கத்தில் என் மரணம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஒரே அக்கா எழுதிக்கொள்வது. இங்கே உன் மாமாவும் பிள்ளைகளும் நலம். நான் உயிரோடு இருக்கிறேன். இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படி.

நாடே கொண்டாடும் கண்டுபிடிப்பாளனான உன் வாழ்வும் சாதனைகளும் புத்தகமாகி நேற்றுத் தபாலில் வந்தது. சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பிரித்தேன். பதினேழு காப்புரிமை, மூன்று டாக்டர் பட்டம் என்று படிக்கப் படிக்கப் பெருமை தாங்கவில்லை, பதினான்காம் பக்கத்தில் செத்துப்போனேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் கசிந்து, தீப்பிடித்து, 'கருகிய அக்காளின் கையைப் பற்றியபடி அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் சபதம் செய்தான்' என்று போட்டிருக்கிறது. எனக்கே அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திய பிறகுதான் செத்தது நானல்லவா என்று உறைத்தது. அடப்பாவி, பால் பொங்கியது நிஜம். நான் பிரார்த்தனையில் இருந்தேன்; அடுப்பைப் பார்த்துக்கொள் என்று நான் சொல்லியிருந்தும் நீ ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாய். நான் ஓடிவந்து கேஸை மூடி, உன் முதுகில் இரண்டு வைத்தேன். அந்த அடிக்குப் பயந்துதானே, பால் வழிந்தால் தானே மூடிக்கொள்ளும் கேஸ் அடுப்புக் குமிழைச் செய்தாய்? பரணிலிருந்து என் பழைய பால் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் இறந்த மறுநாள், 'இரண்டு லிட்டர், தண்ணீர் அதிகம், பால்காரரோடு சண்டை' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. செத்தவள் சண்டை போடுவாளா?

புத்தகத்தின் அந்தப் பகுதி இன்றைய பேப்பரிலும் வந்திருக்கிறது போல; காலையில் சிலிண்டர்காரர் என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். "அம்மா, நீங்க... பேப்பர்ல..."

"பேப்பர்ல என்ன வேணா இருக்கட்டும், சிலிண்டரை உள்ள வைப்பா."

"வைக்கிறேன்மா. பில்லு யார் பேர்ல போடறது?"

உடனே உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கே வெட்கமாக இருக்கட்டும். "எனக்காகப் புத்தகத்த எழுதிக் குடுத்தவர்தான்க்கா சொன்னாரு, வீட்ல ஒரு சாவாவது இருந்தாத்தான் புத்தகம் நிக்குமாம்."

"அப்ப உன் பொண்டாட்டிய சாகடிக்க வேண்டியதுதானேடா?"

"அவ படிச்சுடுவாக்கா."

அங்கேதான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். உன் கிழிந்த பாடப் புத்தகங்களை வைத்துக்கொண்டு அடுப்படியில் தானாக எழுத்துக் கூட்டிக் கற்றவள் நான். இத்தனை வருடமாக உனக்கு வந்த கடிதமெல்லாம் உன் மாமா எழுதியது என்றா நினைத்தாய்?

வெள்ளிக்கிழமை உனக்கு விருது. அந்த மேடையிலேயே அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று நீ சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நானே ஏறி மைக்கைப் பிடுங்குவேன். சாமி சத்தியம்.

நீயும் உன் மனைவியும் சாவதற்கு அவசரப்படாமல் நூறு வயது வாழ ஆசீர்வதிக்கும்,
அக்கா.

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது, நீ வளர்ந்த வீட்டைப் படமெடுக்க விருதுக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மறைந்த அக்காளின் நினைவாகத் தினமும் நூறு ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போடச் சமையற்கூடம் கட்டுகிறார்களாம், வெள்ளிக்கிழமைதான் அறிவிப்பாம். நூறு பிள்ளைகள், தம்பி! சாமியிடம் கேட்டேன், உத்தரவு கிடைத்துவிட்டது. மேடையில் வாயைத் திறக்காதே, நான் செத்தது செத்ததாகவே இருக்கட்டும். மேற்பார்வைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார்கள். இறந்தவளுக்குத் தங்கை ஒருத்தி இருக்கிறாள், அது நான்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் அவளையும் சாகடித்துவிடாதே.